பெட்டியில் கிடக்கும் பொம்மலாட்டத்தை மீட்டுப் படமெடுக்கப் பணம் திரட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடக்கணக்காக ஆடாமல் பெட்டியில் கிடக்கும் ஒரு சின்னப் பொம்மலாட்டத்தை மறுபடி மேடையேற்ற வேண்டும், அதை நல்லபடியாகப் படமெடுத்தும் வைக்க வேண்டும், ஆனால் கையில் பணம் இல்லை. இப்படி ஆரம்பிக்கும் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. இந்த வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை பணம் வந்தது, படம் சரியாக வரவில்லை. இரண்டாவது முறை இரண்டும் கூடி வந்தன. இங்கே சொல்வதெல்லாம் சின்ன ஆட்டங்களைப் பற்றித்தான்: இரண்டு மூன்று பேர் ஆட்டுவது, ஏழெட்டுப் பொம்மைகள், ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற கதை.

மீட்பதற்கும் படமெடுப்பதற்கும் சேர்த்தே பணம் கேட்கலாமா? இல்லை, தனித்தனியாகவா?

சேர்த்துக் கேட்கலாம், ஆனால் கணக்கில் இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள். வேலையிலும் பிரித்தே வையுங்கள். முதல் முறை நான் செய்த பெரிய தவறே இதுதான். ஆட்டத்தைப் பழகிக்கொண்டே படமெடுத்துவிடலாம் என்று நினைத்தோம். கேமராவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, வாடகை கொடுத்தாகிவிட்டது, ஆனால் பொம்மைகளை ஆட்டும் கைகள் இன்னும் தயாராகவில்லை. வீடியோவில் அது அப்படியே தெரிகிறது. பொம்மை நடப்பதற்குப் பதிலாக மிதக்கிறது, பேசும்போது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்றே புரியவில்லை.

அதனால் இப்போது யார் கேட்டாலும் சொல்வது: ஆட்டம் உயிரோடு வந்து, குறைந்தது ஐந்தாறு முறை ஆட்கள் முன்னால் ஆடி முடித்த பிறகு கேமராவைக் கூப்பிடுங்கள். பணம் கொடுப்பவர்களிடமும் இந்த வரிசையைச் சொல்லிவிடுங்கள். "படம் எப்போது வரும்" என்று அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். முதல் ஆட்டம் எப்போது, படம் எப்போது என்று இரண்டு தேதி சொன்னால் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பெட்டியைத் திறந்தாச்சு. பொம்மைகள் மோசமாக இருக்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

எதையும் தொடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். பெட்டியில் இருந்தபடியே, மடிப்பு கலையாமல், எந்தப் பொம்மைக்கு மேல் எது கிடந்தது என்பது உட்பட. அப்புறம் ஒவ்வொன்றையும் முன்னால், பின்னால், உள்ளே என்று எடுங்கள். உள்ளே என்பது முக்கியம். எங்கள் கைப்பாவை ஒன்றின் துணியை மெதுவாக உள்வெளியாகத் திருப்பியபோது, சுட்டுவிரல் போகிற கழுத்துக் குழாயில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. கட்டைவிரல் பக்கத்துத் தையல் நான்கு முறை நான்கு நிற நூலால் போடப்பட்டிருந்தது. பழைய ஆட்டக்காரர் தலையை எப்போதும் ஒரே பக்கம் சாய்த்துப் பிடித்திருக்கிறார், கட்டைவிரலை அடிக்கடி வேகமாக அடித்திருக்கிறார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம். துவைத்துப் புதுத் துணி தைத்திருந்தால் அந்தத் தகவல் போயிருக்கும்.

பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம் பூசாதீர்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், எனவே உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். துணியில் பூச்சி இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வைப்பது அருங்காட்சியகங்களில் நடைமுறையில் இருக்கும் வழி. ஆனால் வண்ணம் பூசிய மரத் தலைகளை, பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கேட்காமல் அப்படி வைக்க வேண்டாம். மரம் ஒரு அளவுக்குச் சுருங்கும், மேலே இருக்கும் வண்ணம் வேறு அளவுக்குச் சுருங்கும், விரிசல் விடும். நுரைப் பஞ்சில் செய்த பொம்மைகள்தான் எல்லாவற்றிலும் பாவம். பாலியூரித்தேன் நுரை காற்றும் ஈரமும் பட்டுப் பட்டுச் சில பத்தாண்டுகளில் தானாகவே பொடிந்துவிடும், அதைத் திரும்ப ஒட்டவைக்க வழியே இல்லை. அளவெடுத்து, அச்சு எடுத்து, புதிதாகச் செய்ய வேண்டியதுதான்.

பழைய பொம்மைகளை வைத்தே ஆடலாமா, நகல் செய்ய வேண்டுமா?

ஒத்திகைக்கு நகல், கண்டிப்பாக. ஒத்திகையில்தான் பொம்மைகள் உடையும், மேடையில் அவ்வளவாக உடைவதில்லை. பழையவை நல்ல நிலையில் இருந்தால் படப்பிடிப்பில் மட்டும் பயன்படுத்தலாம். நகல் செய்யும்போது உருவத்தைவிட எடையைக் கவனியுங்கள். முகம் கொஞ்சம் மாறியிருந்தால் பார்வையாளருக்குத் தெரியாது. தலை கொஞ்சம் இலேசாகிவிட்டால் ஆட்டுபவரின் மணிக்கட்டுக்கு உடனே தெரிந்துவிடும், பழகிய அசைவு எதுவுமே சரியாக விழாது. நாங்கள் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்து, நகல் தலைகளுக்குள் சின்ன இரும்பு வளையங்கள் போட்டுச் சரிசெய்தோம்.

எவ்வளவு பணம் கேட்பது? எங்களுக்குக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் புரிகிறது. ஆனால் குறைத்துக் கேட்டுவிட்டுப் பாதியில் நிற்பது, பணம் கொடுத்தவர்களுக்கும் நல்லதில்லை, ஆட்டத்துக்கும் நல்லதில்லை. கணக்கு போடும்போது எல்லோரும் முதலில் கேமரா வாடகையை எழுதுகிறார்கள், அப்புறம் விளக்கு, துணி, வண்ணம், அரங்க வாடகை. அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒத்திகை நாட்களுக்கு ஆட்டக்காரர்களின் சம்பளம் எங்கே என்று கேட்டால், "அவர்கள் நம் ஆட்கள்தான், ஆசைக்காக வருகிறார்கள்" என்கிறார்கள்.

இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். நீங்கள் மீட்க நினைப்பது ஆட்டக்காரர்களின் கைகளில்தான் இருக்கிறது. மரமும் துணியும் தோலும் பெட்டியில் அப்படியே கிடக்கின்றன, கைப்பழக்கம்தான் காணாமல் போயிருக்கிறது. அது திரும்ப வர நாட்கள் பிடிக்கும், அந்த நாட்களில் அந்த ஆள் வேறு வேலைக்குப் போக முடியாது. எங்கள் இரண்டாவது முயற்சியில் மொத்தப் பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தொகை ஒத்திகைச் சம்பளத்துக்கே போனது. படப்பிடிப்புக்கும் எடிட்டிங்குக்கும் சேர்த்துக் கால் பங்கு. பொம்மைகளைப் பழுது பார்க்கவும் நகல் செய்யவும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மீதி அரங்கம், போக்குவரத்து, பணம் திரட்டும் தளத்தின் கட்டணம், கொஞ்சம் கையிருப்பு. இந்த விகிதத்தைப் பொதுவில் போட்டபோது ஒருவர்கூட "சம்பளம் ஏன் இவ்வளவு" என்று கேட்கவில்லை. பலர் அதைப் பார்த்துத்தான் கொடுத்தோம் என்று எழுதினார்கள்.

கையிருப்பாகப் பத்தில் ஒரு பங்காவது வைத்துக்கொள்ளுங்கள். தளங்களின் கட்டணத்தை மறந்துவிட வேண்டாம். உதாரணத்துக்கு, இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளம் வெற்றி பெற்ற முயற்சிகளிடம் 5 சதவீதம் எடுக்கிறது, பணப் பரிமாற்றக் கட்டணம் அதற்கு மேல் தனி.

ஆட்டம் முழுசாகத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கும் வயதாகிவிட்டது. பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். இன்றைக்கே போங்கள். கையில் இருக்கும் போனை வைத்தே பதிவு செய்யுங்கள். அழகான படம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படிப் பதிவு செய்யும்போது முன்பக்கம் ஒரு போன், பின்பக்கம் ஒரு போன் வையுங்கள். பின்பக்கத்துப் போன்தான் முக்கியம், ஏனென்றால் பார்வையாளர் பார்ப்பது முன்னால், கற்றுக்கொள்ள வேண்டியவர் பார்க்க வேண்டியது பின்னால். கைகள் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒருமுறை நிறுத்தாமல் முழு ஆட்டம், அப்புறம் காட்சி காட்சியாக நிறுத்தி நிறுத்தி. நிறுத்திய இடத்தில் "இங்கே ஏன் திரும்பினீர்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் "அப்படித்தான் வரும்" என்பார். அதே கேள்வியைப் பொம்மையை அவர் கையில் மாட்டிவிட்டுக் கேட்டால் பதில் வரும். கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரிவதில்லை.

இந்த வேலை எவ்வளவு மெதுவானது என்பதற்கு ஜப்பானின் புன்ராக்கு பொம்மலாட்டம் நல்ல உதாரணம். அங்கே ஒரு பெரிய பொம்மையை மூன்று பேர் ஆட்டுகிறார்கள்: தலையும் வலது கையும் ஒருவர், இடது கை ஒருவர், கால்கள் ஒருவர். காலுக்குப் பத்து வருடம், இடது கைக்குப் பத்து வருடம், அதற்குப் பிறகுதான் தலை என்று அங்கே காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். உங்கள் ஆட்டம் அவ்வளவு பெரியதாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் மூன்று நாள் பயிற்சியில் ஒருவரை உருவாக்கிவிடலாம் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அவர் சொல்வதை அப்படியே எழுதி வைத்தால் போதாதா?

எழுதுங்கள், ஆனால் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். 1828-இல் லண்டனில், இங்கிலாந்தின் கைப்பாவை ஆட்டமான 'பஞ்ச் அண்ட் ஜூடி'யின் உரை புத்தகமாக வந்தது. பிச்சினி என்ற இத்தாலியப் பொம்மலாட்டக்காரர் அதற்காகவே ஆடிக் காட்டினார், ஓவியர் குரூக்‌ஷாங்க் முக்கியமான இடங்களில் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி வரைந்துகொண்டார். அந்தப் படங்கள் இன்றும் பயன்படுகின்றன. உரையை எழுதியவர் ஜான் பெய்ன் கோலியர். அவர் பிற்காலத்தில் ஷேக்ஸ்பியர் ஆவணங்களில் போலி வேலை செய்ததாக அம்பலமானதால், அந்த உரையில் எது பிச்சினியின் வாயிலிருந்து வந்தது, எது கோலியர் சேர்த்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் சந்தேகப்படுகிறார்கள். ஆடியவரின் குரல் பதிவாகாததால் இந்த நிலை. நம்மிடம் இப்போது பதிவுக் கருவி இருக்கிறது. எழுத்தில் நீங்கள் திருத்தியது எது, அவர் சொன்னது எது என்று பிரித்துக் குறித்து வையுங்கள், குரல் பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இலக்கை எட்டினால்தான் பணம் என்ற முறையா, வந்தவரை எடுத்துக்கொள்ளும் முறையா?

2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் முதல் முறையைத்தான் பின்பற்றுகிறது. சொன்ன தொகை சொன்ன நாளுக்குள் சேராவிட்டால் யாரிடமிருந்தும் ஒரு காசுகூட எடுக்கப்படாது. கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் படமெடுப்பதற்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். பாதிப் பணத்தில் பாதிப் படம் எடுக்க முடியாது. பாதிப் பணம் கையில் வந்துவிட்டால் அதற்குப் பதிலாக முழுப் படம் தர வேண்டிய கடன் மட்டும் தலையில் ஏறிக்கொள்ளும்.

பொம்மைகளைப் பழுது பார்க்கும் வேலைக்கு அது பொருந்தாது. அங்கே நான்கு பொம்மைக்குப் பணம் வந்தால் நான்கு பொம்மையைச் சரிசெய்யலாம். அதனால் சிலர் முதலில் பழுது பார்க்க மட்டும் வந்தவரை எடுத்துக்கொள்ளும் முறையில் சின்னதாக ஒரு திரட்டல் செய்கிறார்கள், ஆட்டம் தயாரான பிறகு படத்துக்குத் தனியாக இன்னொன்று. முதல் திரட்டலில் கொடுத்தவர்கள், சரியான பொம்மைகளைக் கண்ணால் பார்த்த பிறகு இரண்டாவதற்கும் கொடுக்கிறார்கள். நேரம் இருந்தால் இந்த வழிதான் நல்லது.

எத்தனை நாள் வைப்பது?

30 நாள் போதும். கிக்ஸ்டார்ட்டரில் 60 நாள்வரை அனுமதி உண்டு, ஆனால் நடு நாட்களில் யாரும் கொடுப்பதில்லை. முதல் வாரமும் கடைசி வாரமும்தான் பணம் வரும். திறப்பதற்கு முன்பே, முதல் இரண்டு நாளில் கொடுப்பதாகச் சொல்லும் இருபது முப்பது பேரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும் உண்டியலில் முதல் காசு போட யாருக்கும் மனசு வராது.

அறிமுக வீடியோவில் என்ன காட்ட வேண்டும்?

பொம்மையைக் காட்டுங்கள். எனக்கு வரும் வீடியோக்களில் பாதிக்கு மேல், ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கலை எவ்வளவு பழமையானது, எப்படி அழிந்துகொண்டிருக்கிறது என்று மூன்று நிமிடம் பேசுவதில் தொடங்குகின்றன. அவர் சொல்வது உண்மைதான். ஆனால் கேட்பவருக்கு அந்தப் பொம்மைமேல் இன்னும் பாசம் வரவில்லையே.

எங்களுடையதில் முதல் முப்பது விநாடிக்கு வசனமே கிடையாது. மேசைமேல் ஒரு கிழவிப் பொம்மை குப்புறக் கிடக்கிறது. ஒரு கை உள்ளே நுழைகிறது, கை நுழைவது அப்படியே தெரிகிறது. துணி உப்புகிறது. அப்புறம் எதுவும் நடக்கவில்லை, ஆட்டுபவர் மணிக்கட்டை ஒரு விரற்கடை உயர்த்தி இறக்குகிறார், அவ்வளவுதான். பொம்மை மூச்சு விடுகிறது. இரண்டாவது மூச்சில் தலை நிமிர்ந்து, தன்னை யார் எழுப்பியது என்று சுற்றும் முற்றும் பார்க்கிறது, கடைசியில் தன் கழுத்துக்குக் கீழே குனிந்து பார்க்கிறது. இதை எடுக்க ஒரு ஜன்னல் வெளிச்சமும் ஒரு போனும்தான் தேவைப்பட்டன. அதற்குப் பிறகு ஆட்டக்காரர் ஒரு நிமிடம் பேசினார், எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்று. மொத்தம் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டோம்.

கொடுப்பவர்களுக்குப் பதிலுக்கு என்ன கொடுக்கலாம்?

கையால் செய்ய வேண்டிய எதையும் எண்ணிக்கை வரம்பு இல்லாமல் அறிவிக்காதீர்கள். முதல் முறை நாங்கள் விரல்பாவை தைத்துத் தருவதாகச் சொன்னோம், இருபது முப்பது பேர் கேட்பார்கள் என்று நினைத்து. எண்பத்தாறு பேர் கேட்டார்கள். ஒத்திகை பார்க்க வேண்டிய கைகள் நான்கு மாதம் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தன. அனுப்பும் செலவு தனி. வெளிநாட்டுக்கு அனுப்பியவற்றில் சில, பொருளைவிட அதிகத் தபால் செலவு வைத்தன.

ஏற்கெனவே செய்யப்போகும் வேலையிலிருந்து கொடுப்பதுதான் நல்லது: படத்தை முதலில் பார்க்கும் வாய்ப்பு, ஒத்திகையில் வந்து உட்கார அனுமதி, பொம்மைகளின் பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ஆட்டக்காரரோடு இணையத்தில் ஒரு மணி நேரம். ஒரு பொம்மையைத் தத்தெடுப்பது போல ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பொம்மையின் செலவை ஒருவர் ஏற்பது மிக நன்றாகப் போகிறது. வில்லன் பொம்மைக்குத்தான் முதலில் ஆள் வருகிறது, இரண்டு முறையும் அப்படித்தான் நடந்தது.

சின்னத் தொகை கொடுப்பவர்களின் பெயரையும் படத்தில் போட வேண்டுமா?

கட்டாயம் போடுங்கள், அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய. இதற்கு முன்னோடி பெரியது. 1885-இல் அமெரிக்காவில் சுதந்திர தேவி சிலையை நிறுத்தும் பீடத்துக்குப் பணம் போதாமல் வேலை நின்றபோது, ஜோசஃப் புலிட்சர் தன் 'தி வேர்ல்ட்' பத்திரிகை வழியாகப் பொதுமக்களிடம் கேட்டார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் பெயரை அச்சிடுவதாகச் சொன்னார், அச்சிட்டார். 1,20,000-க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 1,00,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலானவர்கள் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. பெயரைத் தொகை வாரியாக அடுக்காதீர்கள், அகர வரிசை போதும்.

அரசு மானியம், அறக்கட்டளை உதவி இதெல்லாம் கிடைக்காதா?

கிடைக்கலாம், விண்ணப்பியுங்கள். ஆனால் அவை மெதுவாக வரும், பெரும்பாலும் செலவு செய்துவிட்டு ரசீது காட்டச் சொல்வார்கள். பொதுமக்களிடம் ஏற்கெனவே கொஞ்சம் சேர்ந்திருக்கிறது என்று காட்டினால் விண்ணப்பத்துக்கு வலு கூடும். பொம்மலாட்டக்காரர்களுக்கென்றே உலகளவில் யூனிமா என்ற அமைப்பு 1929-இல் பிராகில் தொடங்கப்பட்டு இன்றும் இயங்குகிறது, பல நாடுகளில் கிளைகள் உண்டு. பணத்துக்காக இல்லாவிட்டாலும், உங்கள் வகை ஆட்டம் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்க அங்கே கேட்டுப் பாருங்கள். மார்ச் 21 உலகப் பொம்மலாட்ட நாள். திரட்டலை அதையொட்டி வைத்துக்கொண்டால் பேசுவதற்கு ஒரு சாக்கு கிடைக்கும்.

மேடையை அப்படியே பதிவு செய்வதா, கேமராவுக்காக மாற்றி ஆடுவதா?

இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு செலவு.

மப்பெட் பொம்மைகளை உருவாக்கிய அமெரிக்கர் ஜிம் ஹென்சன் 1950-களில் தொலைக்காட்சிக்கு ஆட ஆரம்பித்தபோது பொம்மலாட்ட மேடையின் சட்டகத்தையே தூக்கிவிட்டார். திரையின் நான்கு விளிம்புதான் மேடை, ஆட்டுபவர்கள் அந்த விளிம்புக்கு வெளியே ஒளிந்துகொண்டால் போதும். அவருடைய குழுவினர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே ஆடுவார்கள், பார்வையாளர் பார்க்கும் அதே படத்தை ஆட்டுபவரும் அந்த நொடியிலேயே பார்ப்பார். உங்கள் ஆட்டத்தைப் புதிதாக, திரைக்கென்றே செய்ய நினைத்தால் இந்த வழியில் போகலாம். ஆனால் மானிட்டரைப் பார்த்து ஆடுவது ஒரு தனிப் பழக்கம், அதற்கும் ஒத்திகை நாட்களைக் கணக்கில் சேருங்கள்.

நீங்கள் மீட்பது பழைய ஆட்டம் என்றால் மேடையை அப்படியே வையுங்கள் என்பது என் கருத்து. எங்கள் இரண்டாவது முயற்சியில் ஒரே ஆட்டத்தை மூன்று முறை எடுத்தோம். முதல் நாள் பார்வையாளர்களோடு, மூன்று கேமரா, நிறுத்தவே இல்லை. குழந்தைகள் சிரிக்கும் இடமும் கத்தும் இடமும் பொம்மையின் வேகத்தை மாற்றுகின்றன, ஆள் இல்லாத அரங்கில் அது வரவே வராது. இரண்டாம் நாள் ஆளில்லாமல், முகங்களையும் நெருக்கக் காட்சிகளையும் மட்டும். மூன்றாம் நாள் முழு ஆட்டத்தையும் திரைக்குப் பின்னாலிருந்து. அந்த மூன்றாம் நாள் பதிவைப் படத்தில் இரண்டு நிமிடம்தான் பயன்படுத்தினோம், மீதி இனி கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்காகத் தனியாக இருக்கிறது. செலவு அதிகம்தான், அதை முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தோம்.

கேமராவின் உயரத்தைப் பொம்மையின் கண் மட்டத்துக்கு வையுங்கள். மனித உயரத்தில் வைத்தால் எல்லாமே மேலிருந்து குனிந்து பார்ப்பது போல வரும், பொம்மைகள் விளையாட்டுச் சாமான்களாகத் தெரியும்.

நூல் பளிச்சென்று தெரிகிறதே, விளக்கு வேறு மினுக்குகிறதே?

நூலை மறைக்கவே வேண்டாம் என்பேன், நூல்பாவை என்றால் நூல் இருக்கத்தானே செய்யும். பளபளப்புத்தான் தொல்லை. நைலான் இழை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், கறுப்பு நிறத்தில் முறுக்கிய பருத்தி நூல் அடிக்காது. பின்திரை கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

மினுக்கம் மின்சாரத்தால் வருவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120 விநாடி என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மங்கலாக்கிய எல்இடி விளக்குகளுக்கு இந்தக் கணக்கு சில சமயம் பொருந்தாது. முதல் நாளே அரங்கத்துக்குப் போய் ஐந்து நிமிடம் எடுத்துப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். முதல் முறை நாங்கள் பார்க்கவில்லை, அரங்கத்து விளக்கால் முழு ஆட்டத்திலும் படத்தின் குறுக்கே பட்டைப் பட்டையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

குரலை எப்படிப் பதிவு செய்வது?

ஆட்டுபவரே பேசுகிறார் என்றால் அவர் காதோரம் ஒரு சின்ன மைக். சட்டையில் குத்தும் மைக் வேண்டாம், கை தூக்கித் தூக்கி ஆடுவதால் துணி உரசும் சத்தம்தான் கேட்கும். முதல் வரிசையை நோக்கி இன்னொரு மைக் வையுங்கள், சிரிப்புக்கு. எல்லாம் முடிந்ததும் அரங்கத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும். பொம்மைகளின் மரக்கால் தட்டும் ஓசை பிடிக்காது என்று ஒலிக் கலைஞர்கள் சிலர் துடைத்துவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். அது ஆட்டத்தின் பாகம்.

உரிமை யாருக்கு? கதை பழசுதானே?

கதை பழசாக இருக்கலாம். ஆனால் அதை இப்படிச் சொல்லலாம் என்று உரை எழுதியவர், பாட்டுக்கு மெட்டுப் போட்டவர், பொம்மையை வடிவமைத்தவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை இருக்கலாம். பதிப்புரிமை குறித்த பெர்ன் ஒப்பந்தப்படி படைப்பாளி இறந்து குறைந்தது 50 ஆண்டுவரை அது நீடிக்கும், பல நாடுகளில் 70. ஆட்டுபவருக்கும் நிகழ்த்துநர் என்ற முறையில் உரிமை உண்டு. படத்தில் பதிவாகும் நிகழ்ச்சிகளுக்கான பெய்ஜிங் ஒப்பந்தம் 2012-இல் கையெழுத்தாகி 2020-இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைமுறையில், பணம் கேட்பதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படத்தை எங்கெல்லாம் காட்டலாம், பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது, ஆட்டக்காரர் தன் ஆட்டத்தை வேறு யாருக்கும் ஆடிக் காட்டலாமா என்று. கடைசிக் கேள்விக்கு எப்போதும் "ஆடலாம்" என்றே எழுதுங்கள். ஒரு படத்துக்காக அவருடைய சொந்த ஆட்டத்தை அவரிடமிருந்தே வாங்கிப் பூட்டுவது பெரிய அநியாயம்.

இலக்கை எட்டவில்லை என்றால்?

கொடுக்க முன்வந்த எல்லோருக்கும் அன்றே எழுதுங்கள், நன்றி சொல்லி, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லி. அவர்களில் பலர் மறுமுறையும் வருவார்கள். தொகையைக் குறைப்பதற்குப் பதிலாக வேலையைக் குறைத்துப் பாருங்கள்: முழு ஆட்டத்துக்குப் பதில் ஒரே ஒரு காட்சி, எட்டுப் பொம்மைக்குப் பதில் இரண்டு. இருபது நிமிடக் காட்சி ஒன்றை நன்றாக எடுத்துக் காட்டினால் மீதிக்குப் பணம் கேட்க உங்கள் கையில் ஒரு சான்று இருக்கும்.

கேட்டதைவிட அதிகம் வந்துவிட்டால்?

இன்னொரு கேமரா வாங்கத் தோன்றும். அதற்குப் பதிலாக இன்னொரு கற்றுக்கொள்பவரைச் சேர்த்து, ஒத்திகைச் சம்பளத்தை நீட்டுங்கள். கொஞ்சம் பணம் சப்டைட்டிலுக்கும் போகட்டும்.

படம் முடிந்த பிறகு என்னென்ன செய்ய வேண்டும்?

மூலப் பதிவுகளை மூன்று நகலாக வையுங்கள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு இடத்தில். எடிட் செய்த படம் மட்டும் போதாது, மூலப் பதிவையும் உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று படமெடுப்பவரோடு முன்பே பேசி எழுதிவிடுங்கள். எங்களுக்கு முதல் முறை படம் எடுத்தவர் சுருக்கிய ஒரு ஃபைலைக் கொடுத்துவிட்டு மூலத்தை அழித்துவிட்டார். கேட்டு வாங்கியிருக்க வேண்டும், எங்களுக்குத் தெரியவில்லை.

கணக்கை வெளியிடுங்கள், ரசீது எண்ணோடு. பொம்மைகளை அமிலமில்லாத தாளில் சுற்றி, முகம் எதிலும் படாமல் வையுங்கள், நூல்பாவை என்றால் தொங்கவிட்டு, நூல் சிக்காமல் துணிப்பையில். ஆனால் ரொம்ப நாள் அப்படியே விட்டுவிட வேண்டாம். நாங்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம், யாருக்கும் காட்டுவதற்கு இல்லை, ஒரு முழு ஒத்திகை மட்டும். போன மாதம் கிழவிப் பொம்மையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த பெண் எடுத்து மாட்டினாள். தலை அதே பக்கம் சாய்கிறது. பழைய ஆட்டக்காரர் பக்கத்தில் நின்று, வாயால் எதுவும் சொல்லாமல், தன் வெறுங்கையால் அவளோடு சேர்ந்து ஆட்டிக்கொண்டிருந்தார்.